துவக்கு, தங்கம், தாள்: கொழும்பு வீடுகள் எதைக் காத்தன?

 

வீட்டில் நகையை எங்கே வைப்பது, காணி உறுதியை எங்கே வைப்பது என்ற பேச்சு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எந்தக் காலத்திலும் இருந்து வருகிறது. 2022 இல் பொருளாதாரம் விழுந்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. தங்கத்தின் விலை ஏற ஏற, அதை வீட்டில் வைத்திருப்பவரின் பயமும் ஏறுகிறது. எந்தப் பூட்டு நல்லது, கெமரா எத்தனை வேண்டும், இரும்புப் பெட்டி வாங்கலாமா என்று ஒருவரை ஒருவர் கேட்கிறோம். சிலர் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விகளை ஒருமுறை எமது ஊரின் வரலாற்றிடமே கேட்டுப் பார்ப்போம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமானது. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு விடயத்தைப் பிரித்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு மூன்று விதமான ஆபத்து வரலாம். ஒன்று கள்ளன். அவன் இரவில், சத்தமில்லாமல், அவசரமாக வருவான். இரண்டாவது நெருப்பு. அது மின்கசிவிலும் வரும், சமையலறையிலும் வரும். மூன்றாவது கூட்டம். அது பகலில், சத்தத்தோடு, நேரம் எடுத்து வரும். முதலில் கொள்ளையடிக்கும், பிறகு கொளுத்தும். கொழும்பின் வரலாற்றில் அதிகமான வீடுகளை ஒரேயடியாக வெறுமையாக்கியது இந்த மூன்றாவதுதான். நாம் வாங்கும் பூட்டுகளோ முதலாவது ஆபத்துக்கு மட்டும் செய்யப்பட்டவை.

*நூறு ஆண்டுக் கணக்கு*

கொட்டாஞ்சேனையில் 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு அன்று பௌத்தர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் இடையில் கலவரம் வெடித்தது. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையை நோக்கிப் போன ஊர்வலம் தாக்கப்பட்டதே அதன் தொடக்கம்.

1915 இல் எமது முறை வந்தது. மே 28 ஆம் திகதி இரவு கண்டியில் வெசாக் ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும் இடத்தில் தொடங்கிய மோதல், சில நாட்களில் கொழும்பு வரை பரவியது. நாடு முழுவதும் முஸ்லிம்களின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் கொள்ளையிடப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. கடை போனால் சரக்கு மட்டும் போவதில்லை. யார் எவ்வளவு தரவேண்டும் என்று எழுதி வைத்த கடன் கொப்பியும் சேர்ந்தே போகும். எரிந்த துணியை மறுபடி கொள்வனவு செய்யலாம். எரிந்த கடன் கணக்கை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது?

1958 மே மாதம் தமிழர்களின் முறை. கொழும்பில் அகதிகளாகிப்போன தமிழர்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். 1977 இல் மீண்டும். அதன் பிறகு 1983.

1983 ஜூலை 24, ஞாயிறு இரவு பொரளையில் தொடங்கிய தீ, மறுநாள் திங்கட்கிழமை வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை எங்கும் எரிந்தது. எட்டாயிரம் வீடுகளும் ஐயாயிரம் கடைகளும் அழிந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பாடசாலைகளும் கோயில்களும் இரத்மலானை விமான நிலையக் கட்டடமும் அகதி முகாம்களாயின. 'லங்கா கல்யாணி' கப்பல் மறுபடியும் மக்களை வடக்கே கொண்டுபோனது.

1883 முதல் 1983 வரை சரியாக நூறு ஆண்டுகள். ஒரே நகரத்தில் ஒவ்வொரு சமூகமும் ஏதோ ஒரு நாளில் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று நடுங்கியிருக்கிறது. இதை யாரையும் குற்றம் சாட்ட எழுதவில்லை. 'எங்களுக்கு வராது' என்று எந்தச் சமூகமும் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் எழுதுகிறோம். அளுத்கம 2014, திகன 2018, மினுவாங்கொடை 2019 எமக்கு இன்னும் மறக்கவில்லை.

*துவக்கு காத்ததா?*

1915 கலவரத்துக்கு அடுத்த ஆண்டே, 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் வந்தது. நூறு வருடம் கடந்தும், பல திருத்தங்களோடு, அதுதான் இன்றைக்கும் எமது துவக்குச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் அதைப் புதுப்பிக்க வேண்டும். 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

கொழும்பில் துவக்கு உள்ள வீடு குறைவு. ஆனால் புத்தளம், குருநாகல், அம்பாறைப் பக்கம் எமது சொந்தங்களின் வீடுகளில் வயலைப் பன்றியிடமிருந்து காக்க ஒரு துவக்கு அலுமாரிக்குப் பின்னால் சாய்ந்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அந்தத் துவக்குகளின் வரலாறு என்ன?

1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணி கிளர்ச்சி செய்தபோது இளைஞர்களிடம் பெரிய ஆயுதக் கிடங்கு இருக்கவில்லை. கையால் செய்த குண்டுகளும், கிராமத்து வீடுகளில் பறித்த வேட்டைத் துவக்குகளும்தான் இருந்தன. 1987 முதல் 1989 வரையான இரண்டாவது கிளர்ச்சியிலும் அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்த துவக்குகளைத் தேடி இரவில் கதவு தட்டப்பட்டது. வீட்டில் துவக்கு இருந்ததால்தான் அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். வீட்டைக் காக்க வேண்டிய பொருள், வீட்டைத் தேடி ஆபத்தை அழைத்து வந்தது.

அண்மையிலும் பாருங்கள். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்காகக் கொடுக்கப்பட்ட துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்டது. 2019 இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களில் நடந்த உயிர்த்த ஞாயிறுக் கொடூரத்தின் பின், மே மாத ஆரம்பத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் அறிவித்தார்கள். சுவரில் தொங்கிய பழைய வாள்கூட அன்று ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆகவே சட்டப்படி துவக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். துவக்கைத் தனியாகப் பூட்டுங்கள், தோட்டாவை வேறோர் இடத்தில் பூட்டுங்கள். பிள்ளையின் கையும் படக்கூடாது, கள்ளனின் கையும் படக்கூடாது. தோட்டா நெருப்பில் வெடிக்கும் என்பதால், அடுப்பும் மின் இணைப்புப் பெட்டியும் உள்ள பக்கம் அதை வைக்க வேண்டாம். களவு போனால் உடனே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும், அந்தத் துவக்கு செய்யும் காரியத்துக்கு உங்கள் பெயர் பதில் சொல்ல வேண்டி வரும்.

*தங்கமும் இரும்புப் பெட்டியும்*

பழைய புறக்கோட்டை வியாபாரிகளின் கடைகளில் நிலத்தோடு நிலமாக நிற்கும் கனமான இரும்புப் பெட்டிகள் இருந்தன. இங்கிலாந்தின் சப், மில்னர் போன்ற கம்பனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவற்றை உலகமெங்கும் விற்றன. எமது மூத்தவர்கள் இரும்பை நம்பினார்கள். கள்ளனைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை சரிதான்.

நெருப்பு விடயம் வேறு. தரம் எட்டு விஞ்ஞானப் பாடம் போலச் சொல்வோம். தாள் ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் கருகத் தொடங்கும். தங்கம் உருக 1,064 பாகை வேண்டும். ஓர் அறை முழுவதும் தீப்பற்றினால் வெப்பம் 600 பாகையைத் தாண்டும். அதனால் வீடு எரிந்தாலும் சாம்பலைக் கிளறித் தங்கத்தை எடுக்கலாம். உருகிக் கட்டியாகிப் போனாலும் அது தங்கம்தான். தாளை எடுக்க முடியாது.

சாதாரண இரும்புப் பெட்டி நெருப்பில் அடுப்பில் வைத்த சட்டி மாதிரி. நெருப்பு உள்ளே நுழையாவிட்டாலும் உள்ளே இருப்பது வெந்துவிடும். நெருப்பைத் தாங்கும் பெட்டி என்பது வேறு சாமான். அதன் இரட்டைச் சுவருக்குள் ஜிப்சம் போன்ற, நீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் பொருளை நிரப்பியிருப்பார்கள். சூடேறும்போது அந்த நீர் ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று அதற்கு அளவு உண்டு. வாங்கும்போது அந்த அளவைக் கேளுங்கள். பாரம் கூடினால் நெருப்பையும் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். நெருப்பைத் தாங்கும் சிறிய பெட்டிகள் பலவற்றைக் கள்ளன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவான். கள்ளனுக்கான பெட்டியும் நெருப்புக்கான பெட்டியும் ஒன்றல்ல.

எமது உம்மாமார் இன்னொரு வழியும் கண்டார்கள். தேவையில்லாவிட்டாலும் நகையைச் சிறு தொகைக்கு வங்கியில் அடகு வைத்துவிடுவார்கள். வட்டி கொஞ்சம்தான், நகைக்குக் காவல் பெரிது என்பது கணக்கு. வட்டி என்பதால் மார்க்க ரீதியாக அது எமக்குச் சரியல்ல. ஆனாலும் அதற்குள் இருந்த பயத்தையும் யோசனையையும் புரிந்துகொள்ள வேண்டும். நகை வீட்டில் இருப்பதைவிட, அதன் பெயரில் ஒரு பற்றுச்சீட்டு இருப்பது பாதுகாப்பு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

*தாள்: காட்டிக் கொடுத்ததும் மீட்டுக் கொடுத்ததும்*

இந்தப் பதிவின் மையம் இதுதான்.

1983 இல் வீடு தேடி வந்த கூட்டங்களில் பலரின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த இலக்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அந்தத் தாள்தான் காட்டிக் கொடுத்தது. இது பல ஆய்வாளர்களும் சாட்சிகளும் பதிவு செய்த உண்மை. இன்றைக்கு ஒரு பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கப் பெற்றோர் கொண்டுவரும் ஆவணங்களில் அதே வாக்காளர் இடாப்பின் பிரதியும் ஒன்று. கூடவே பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், மின்சாரப் பட்டியல். ஒரே தாள் ஒரு காலத்தில் வீட்டை எரிக்க உதவியது, இன்னொரு காலத்தில் பிள்ளைக்குப் பாடசாலைக் கதவைத் திறக்கிறது. தாளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

1983 க்குப் பிறகு அரசாங்கம் பாதிக்கப்பட்ட சொத்துக்களை அவசரகால விதியின் கீழ் தன் பொறுப்பில் எடுத்தது. அதற்காக ரீப்பியா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அதிகாரசபை உருவானது. எரிந்த வீட்டின் சொந்தக்காரர் தன் வீட்டைத் திரும்பப் பெற, அது தன்னுடையதுதான் என்று காட்ட வேண்டியிருந்தது. எதைக் கொண்டு காட்டுவது? உறுதி அலுமாரியோடு எரிந்துவிட்டது.

இங்கேதான் எமது நாட்டின் ஒரு பழைய ஏற்பாடு கைகொடுத்தது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். நொத்தாரிசு எழுதும் உறுதிக்கு மூன்று வடிவம் உண்டு. மூலப்பிரதி சொந்தக்காரரிடம். இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு. மூன்றாவது நொத்தாரிசின் சொந்தக் கோவையில். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு ஏடுகளிலிருந்தே காணி விபரம் வீட்டுக்கு வெளியே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அந்தத் தோம்புகள் இன்றும் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. வீட்டில் இருந்த மூலப்பிரதி எரிந்தாலும், பதிவகத்தில் பிரதி இருந்தவருக்கு அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்க வழி இருந்தது. வெறும் வாய்ப்பேச்சில் காணி வாங்கியவருக்கு அந்த வழி இல்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எமது மக்கள் விரட்டப்பட்டபோதும் இதே பாடம்தான். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30 அன்று கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரம்தான். வழியில் நகைகள் பறிக்கப்பட்டன. வடக்கு முழுவதிலும் சுமார் 75,000 பேர். பலரின் உறுதிகள் பூட்டிய வீடுகளிலேயே நின்றுபோயின. இருபது வருடம் கழித்துத் திரும்பிப் போனவர்கள் தம் வீட்டில் வேறு யாரோ இருப்பதைக் கண்டார்கள். பத்து வருடம் தடையின்றி அனுபவித்தவர் உரிமை கோரலாம் என்ற பழைய சட்டம் அவர்களுக்கு எதிராக நின்றது. அதற்காகவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாட்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை யுத்தச் சூழலால் தம் காணியைக் கவனிக்க முடியாமல் போனவர்களுக்கு அது ஒரு நிவாரணம். ஆனால் சட்டம் கதவைத் திறந்தாலும், உள்ளே போகத் தாள் வேண்டும்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் இங்கே நினைக்க வேண்டும். தகப்பனோ பாட்டனோ இங்கே பிறந்தார் என்று காட்டப் பத்திரம் இல்லாததால், மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். அவர்களிடமிருந்து யாரும் அந்தத் தாளைத் திருடவில்லை. அது ஒருபோதும் அவர்கள் கையில் கொடுக்கப்படவேயில்லை.

*அமானிதம்*

தாளுக்கு அடுத்ததாக வரலாறு காட்டும் இன்னொரு பாதுகாப்பு, மனிதர்கள். 1983 இல் வெள்ளவத்தையில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டுக்குள் எடுத்து மறைத்த சிங்கள, முஸ்லிம், பறங்கிய அயலவர்கள் இருந்தார்கள். கொள்ளையில் பங்குபோட்டவர்களும் இருந்தார்கள். இரண்டும் உண்மை. தாலிக்கொடியையும் உறுதிக் கட்டையும் அடுத்த வீட்டு அன்ரியிடம் கொடுத்துவிட்டு முகாமுக்குப் போய், வாரங்கள் கழித்து ஒரு கிராமும் குறையாமல் திரும்பப் பெற்ற கதைகளை இந்த ஊரில் இப்போதும் கேட்கலாம்.

இதைத்தான் நாம் அமானிதம் என்கிறோம். நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு ஹிஜ்ரத் போன இரவு, தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பொருட்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலி (ரழி) அவர்களை விட்டுச் சென்றார்கள். அந்தப் பொருட்களின் சொந்தக்காரர்கள் அவரைக் கொல்லத் திட்டமிட்ட அதே ஊரவர்கள். பகை வேறு, அமானிதம் வேறு. இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாமல் மாடி வீடுகளில் வாழ்கிறோம். வெள்ளவத்தையில் இன்று ஒரு கட்டடத்தில் நாற்பது குடும்பங்கள். கதவுக் கெமராவில் முகம் தெரிகிறது, பெயர் தெரிவதில்லை.

*இனி என்ன செய்யலாம்*

வரலாறு சொல்வதைச் சுருக்கினால் இதுதான். ஒரே இடத்தில் மட்டும் இருந்தது அழிந்தது. இரண்டாவது இடத்தில் தடம் இருந்தது மீண்டது. அதை வைத்துச் சில வேலைகள்:

1. உங்கள் காணி உறுதி, வீட்டு உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதிவுத் தொகுதி இலக்கத்தையும் பக்கத்தையும் உறுதியின் பின்புறத்தில் பார்த்து, வேறொரு கொப்பியில் எழுதி வையுங்கள். மூத்தவர்களின் காணிகளுக்கு இதை முதலில் செய்யுங்கள்.

2. பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களில் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்று மேலதிகமாக எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறோர் ஊரில் உள்ள நம்பிக்கையான சொந்தத்திடம். நிக்காஹ் பதிவு இலக்கத்தையும் குறித்து வையுங்கள்.

3. எல்லா ஆவணங்களையும் படம் பிடித்து, தொலைபேசியில் மட்டும் வைக்காமல் மின்னஞ்சலிலும் சேமியுங்கள். தொலைபேசியும் களவு போகும்.

4. நகைகளை ஒரு தாளில் விரித்துப் படம் எடுங்கள். நிறையை எழுதுங்கள். கடைப் பற்றுச்சீட்டை நகையோடு வைக்க வேண்டாம். வங்கிப் பெட்டகத்தில் நீங்கள் என்ன வைத்தீர்கள் என்று வங்கிக்குத் தெரியாது. பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும். பட்டியல் இருப்பது ஸகாத் கணக்குக்கும் உதவும்.

5. வீட்டுக்குக் காப்புறுதி இருந்தால் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். தீக்கு எடுத்த காப்புறுதி கலவரத்தைத் தானாக உள்ளடக்காது. கலவரத்துக்கும் குழப்பங்களுக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

6. வீட்டில் அரபுத் தமிழ் ஏடு, பழைய கடிதம், பள்ளிவாசல் கணக்குப் புத்தகம் போன்றவை இருந்தால் அவையும் சொத்துத்தான். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின. அவற்றில் வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் இருந்தன. 2019 இல் பயத்தில் பல வீடுகளில் அரபு எழுத்துள்ள தாள்கள் கிழிக்கப்பட்டன. படம் எடுத்து வைத்திருந்தால் அவை இன்று இருந்திருக்கும்.

7. தீயணைப்புப் படையின் இலக்கம் 110. பிள்ளைகளுக்கும் பாடமாக்குங்கள். நெருப்பு வந்தால் முதலில் மனிதர் வெளியே போக வேண்டும். நகைக்காகத் திரும்பி உள்ளே போக வேண்டாம்.

8. உங்கள் மாடியில் உள்ள மூன்று குடும்பங்களின் பெயரையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

ஆவணங்களுக்கு விண்ணப்பிக்கும் படிவத்தை நிரப்பத் தெரியாத மூத்தவர்கள் எமது மஹல்லாவில் பலர் இருக்கிறார்கள். ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணி நேரம் இருந்து அவர்களுக்கு எழுதிக் கொடுக்கக்கூடிய இளைஞர்கள் கருத்துப் பகுதியில் பெயரைப் போடுங்கள். சிங்களம் நன்றாக எழுதக்கூடியவர்கள் விசேடமாகத் தேவை. தமிழ்க் குடும்பங்களும் வரலாம், யாரிடமும் மதம் கேட்கப்படாது.

1915, 1958, 1983, 1990 காலத்து ஆவணக் கதை உங்கள் குடும்பத்தில் இருந்தால் எழுதுங்கள். எந்தத் தாள் போனது, எது மீண்டது, யாரிடம் இருந்து மீண்டது என்று எழுதினாலே போதும். சொல்லக்கூடிய மூத்தவர்கள் குறைந்து வருகிறார்கள்.

அல்லாஹ் எல்லா வீடுகளையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.